காகிதத்தில் குடியிருப்பவர்கள்

— பதினாலு பேரு! ஏன் இன்சுக், மா தோக்சுங்கிற ஒத்தைக் கிழவன் வீட்டுல பதினாலு பேரு குடியிருக்கோம்னு சொன்னா உனக்கே சிரிப்பு வரல? பல்லு விளக்க இங்க ஒரே ஒரு பிரஷ்தான் இருக்கு, கேட்டியா.

— பிரஷ் கொண்டாந்திருக்கேன் தலைவரே. இந்தப் பையில கலர் கலரா இருக்கு பாருங்க. குழாய்ப் பக்கத்துல ஒரு டம்ளர்ல போட்டு வச்சிருங்க. இந்தச் சாக்குல செருப்பு, ஷூ எல்லாம் இருக்கு. வாசப்படியில அவங்கவங்க கழட்டிப் போட்ட மாதிரி தாறுமாறா வைக்கணும். நானே வச்சுத் தந்துட்டுப் போறேன். ரெண்டே நிமிஷம்.

— யாரு செருப்பும்மா இதெல்லாம்?

— மூடின பள்ளிக்கூடத்து அலமாரியில கிடந்துது. வட்ட ஆபீஸ்ல ஆளுக்கு ஒரு சாக்கு குடுத்திருக்காங்க.

— இது சின்னப் புள்ளை ஷூ ஆச்சே! நம்ம காம்னே ஊருல புள்ளை அழுகுற சத்தம் கேட்டு எத்தனை காலமாச்சு? இதை வச்சா எவன் நம்புவான்?

— நம்புவாங்க. மாகாணத்துல இருந்து சோதனைக்கு வர்றவங்க புள்ளை ஷூவைப் பாத்தா மனசு குளிர்ந்து போயிருவாங்க. உள்ள வந்து துருவ மாட்டாங்க. போன வாரம் சந்தைப் பக்கம் அப்படித்தான் தப்பிச்சோம்.

— கொஞ்சம் மெதுவாப் பேசு.

— ஏன், யாரு தூங்குறா? பதினாலு பேருமா?

— சிரிச்சுக்கோ. நீ எழுதி வச்ச ஆளுங்களைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? எனக்குத்தான் தெரியும். பட்டாளத்துக்காரப் பையனுக்கு இங்க கடுதாசி வருது. அந்த சமையல் படிக்கிற பையன் எங்கயோ கண்டபடி வண்டியோட்டி, அபராதம் இங்க வருது. நாம்ஹோ நகரத்துப் பல்லு டாக்டரு, பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்களோட என் வீட்டுல இருக்காரு. என் கடைவாய்ப் பல்லு ஒரு மாசமா உயிரை எடுக்குது. ஒருநாள் வாயைத் திறந்து பாத்தாரா மனுஷன்?

— தலைவரே, உங்க வாயிக்கு நான் எங்க போவேன்! சரி, அந்தக் கம்பளிச் சட்டையை இந்தப் பக்கம் மாட்டுங்க. பதினாலு ஆள் இருக்கிற வீடுன்னா கொடியில துணி தொங்கணும்.

— வண்டி ஏதாவது வர்ற சத்தம் கேக்குதா?

— இல்லையே. அவங்க வர எப்படியும் மத்தியானம் ஆகும். நீங்க பதறாதீங்க. அட, இது என்ன? பொம்பளைச் செருப்பு! ஊதா கலர்ல, உள்ள ரோமம் வச்சு! தலைவரே… ஆளு வச்சிருக்கீங்களா? சொல்லவேயில்ல?

— ஒத்தைச் செருப்புதானே இருக்கு. ஒத்தைக் காலோட எவ வருவா?

— ஜோடி எங்க?

— வேற இடத்துல கிடக்கு.

— ஜோடியா இருந்தா இன்னும் நல்லா இருக்கும். பரவாயில்ல, புள்ளை ஷூ பக்கத்துல போட்டு வைக்கிறேன். இந்தச் செருப்புதான் வட்டம் பூரா கிழவிங்க கால்ல. எங்கம்மாவுக்கும் போன அறுவடைப் பண்டிகைக்கு இதேதான் வாங்கிக் குடுத்தேன்.

— ம். காலுக்குக் கதகதன்னு இருக்குன்னு சொன்னாங்க.

— அப்படியா சொன்னா? என்கிட்ட, எதுக்குடி தண்டச்செலவுன்னு திட்டினா.

— உன்கிட்ட அப்படித்தான் சொல்லுவாங்க. இன்சுக், செத்த நேரம் அந்தச் சாக்கைக் கீழ வச்சுட்டு உக்காரு. வாற்கோதுமைத் தண்ணி சூடா இருக்கு. குடிச்சுக்கிட்டே பேசுவோம்.

— உக்கார நேரமில்லை தலைவரே. இன்னும் நாலு ஊர் இருக்கு. மேல இருந்து உயிரை எடுக்குறாங்க. வருஷக் கடைசி நாள் கணக்குல இருபதாயிரத்துக்கு ஒரு தலை குறைஞ்சாலும் நம்ம வட்டத்தைக் கலைச்சு நாம்ஹோ நகரத்தோட சேத்துருவாங்க. இம்சான்ங்கிற பேரே இல்லாம போயிரும். தெரியுமில்ல?

— போனா போகட்டுமே. நம்மளோட பொறந்த பேரா அது? என் தாத்தா காலத்துல ஆத்துக்கு இந்தப் பக்கம் இம்கோக் வட்டம், அந்தப் பக்கம் சானியோங் வட்டம். அவங்க வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம், அவங்களுக்குப் பொண்ணு குடுக்க மாட்டோம். ஜப்பான்காரன் வந்தான். படத்தை விரிச்சான், நடுவுல இருந்த கோட்டை அழிச்சான். இங்க இருந்து ஒரு துண்டு, அங்க இருந்து ஒரு துண்டு, ஒட்டுப்போட்டு இம்சான்னு பேரு வச்சுட்டுப் போயிட்டான்.

— இதெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடத்துலயே சொல்லிட்டாங்க.

— ஆபீசை எங்க கட்டுறதுன்னு ரெண்டு பக்கமும் மண்டையை உடைச்சுக்கிட்டது சொன்னாங்களா? கடைசியில உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம்னு நட்ட நடு வயல்ல கொண்டு போய் வச்சான். அதான் இன்னைக்கும் மழை பெஞ்சா நீங்கல்லாம் சேத்துக் காலோட ஆபீசுக்குள்ள போறீங்க.

— வண்டி நிறுத்துற இடத்துக்கு சிமெண்டு போட்டாச்சு தலைவரே.

— போடுங்க போடுங்க. நிக்கிறதுக்கு வண்டி வேணாமா? நான் படிச்ச காலத்துல இந்த வட்டத்துல லட்சத்துக்கு மேல ஜனம். சண்டையில வடக்கே இருந்து ஓடி வந்தவங்க வேற, மாட்டுக் கொட்டாயில எல்லாம் குடித்தனம். பள்ளிக்கூடத்துல காலையில பாதிப் புள்ளைங்க, மத்தியானம் மீதி. நாங்க போய் உக்காரும்போது பெஞ்சு சூடா இருக்கும். அப்புறம் எனக்கே புள்ளைங்க பொறந்த காலத்துல உங்க ஆபீஸ்காரன் வீடு வீடா வந்து என்ன சொன்னான் தெரியுமா?

— என்ன சொன்னான்?

— புள்ளை பெத்துக்காதீங்கன்னான்! கூட்டம் தாங்கலயாம். நீ பொறந்து தவழ்ந்துக்கிட்டு இருந்தே. உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போனாங்க, ஆபரேஷன் பண்ணினாங்க, ஒரு சோப்புக் கட்டியைக் கையில குடுத்து அனுப்பினாங்க. உங்கம்மா அந்த சோப்பை அலமாரியிலயே வச்சிருந்தாங்க. இன்னைக்கு வரைக்கும் தேய்ச்சுக் குளிக்கல.

— எங்கம்மா இதை என்கிட்ட சொன்னதில்லையே.

— சொல்லி என்ன ஆகப் போகுது? அதுக்கப்புறம் நெசவு மில்லுக்குன்னு பொண்ணுங்க பஸ் ஏறினாங்க. பின்னாடியே பையனுங்க ஏறினாங்க. என் பசங்க ரெண்டு பேரும் அதே பஸ்ஸுதான். இப்ப காம்னேயில மிஞ்சி நிக்கிறது ரெண்டு உசிரு. தலைவரு நான், ஜனம் உங்கம்மா. நான் மைக்குல அறிவிப்பு சொன்னா கேக்குறது அவங்க ஒருத்தங்கதான், அவங்களுக்கும் காது கேக்காது.

— பேரு மட்டும்னு நினைக்காதீங்க மாமா. நம்ம பக்கத்து ஆம்புலன்ஸ் கொட்டகையை எடுத்துருவாங்க. ஏற்கெனவே ரெண்டு வண்டி இருந்தது ஒண்ணாயிருச்சு. நாம்ஹோவுல இருந்து வண்டி மலையேறி இறங்கி இங்க வந்து சேர்றதுக்குள்ள உசிரு இருக்குமா? உங்களுக்கு ஒரு நெஞ்சு வலின்னா யாரு வருவா? இதை யோசிச்சுத்தான் நான் வீட்டுக்கு வீடு கால்ல விழுறேன். எனக்காகவா பண்றேன்?

— காரியம் ஆகணும்னா மாமா, கையெழுத்துன்னா தலைவரு.

— விளையாடாதீங்க. நான் சொல்றது பொய்யா?

— பொய்யில்லம்மா. நீ சொல்றது நெசம்தான். அதனாலதான் நானும் இத்தனை நாளு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். சரி, உனக்கு இன்னும் ஆள் வேணுமா?

— ரெண்டு பேரு. ரெண்டே பேரு மாமா. என் வீட்டுக்காரரோட சினேகிதரு, அவரு தம்பி. வருஷம் பொறந்ததும் எடுத்துடறேன்.

— எழுதிக்கோ. இன்னும் பத்துப் பேரை வேணும்னாலும் எழுதிக்கோ. நான் பிரஷ்ஷை டம்ளர்ல போட்டு வைக்கிறேன், செருப்பைத் தினமும் மாத்தி மாத்தி வைக்கிறேன். பதிலுக்கு ஒரே ஒரு பேரை மட்டும் எடுத்துடு.

— எந்தப் பேரு?

— பியோ இன்சுக். உங்கம்மா வீட்டுல எழுதியிருக்கே பாரு, அந்தப் பேரு.

— என் பேரா? என் பேரு உங்களை என்ன பண்ணுச்சு?

— தனியா இருக்கிற வயசானவங்களைப் பாக்க வாரத்துக்கு ரெண்டு தடவை ஒரு பொண்ணு வந்துக்கிட்டு இருந்துச்சே, சோல்மிங்கிற பொண்ணு, ஞாபகம் இருக்கா? கதவைத் தட்டும், அரிசி இருக்கா மருந்து இருக்கான்னு பாக்கும், கையைக் காலைப் பிடிச்சு விடும். இலை உதிர்ற காலத்துல இருந்து அது வர்றதில்லை. ஏன் வர்றதில்லைன்னு உனக்குத் தெரியாதா?

— அது… வேற பிரிவு பாக்குற வேலை.

— எனக்கு வரலைன்னா சரி. எனக்குப் பதினாலு பேரு இருக்காங்க, பல்லு டாக்டரு இருக்காரு! உங்கம்மாவுக்கு ஏன் வரல? காகிதத்துல அந்த வீட்டுல ஏழு பேரு. பெத்த மக கூடவே இருக்கா. அதுவும் ஆபீஸ் உத்தியோகம் பாக்குற மக. அப்புறம் எதுக்கு வெளி ஆளு வந்து கதவைத் தட்டணும்?

— நான் தினமும் போன் பண்றேன் மாமா!

— நேத்து பண்ணினியா?

— பண்ணினேன். எடுக்கல. போனை அரிசிப் பானைக்குள்ள வச்சுட்டுத் தேடிக்கிட்டு இருப்பா. இல்லேன்னா சந்தைக்குப் போயிருப்பா.

— நேத்து சந்தை நாள் இல்லையே.

— அப்ப காது மிஷினைக் கழட்டி வச்சிருப்பா. அவளுக்கு இது வழக்கம்தான். ஏன் இப்படிக் குறுக்குக் கேள்வி கேக்குறீங்க? இன்னிக்கு சாயங்காலம் பண்றேன், போதுமா?

— கடைசியா அந்த வீட்டுல எப்ப உக்காந்து சாப்பிட்டே?

— கிம்ச்சி போட்ட அன்னிக்கு.

— அன்னிக்கு உக்காரவே இல்லை நீ. அவங்க முட்டைக்கோஸ் கழுவி, உப்பு போட்டு, மிளகா அரைச்சு, எட்டு டப்பாவுல அடைச்சு வச்சாங்க. நீ வந்தே, டப்பாவை வண்டியில ஏத்தினே, நாம்ஹோவுக்குப் போயிட்டே. வண்டி திரும்புற வரைக்கும் அவங்க ரோட்டோரம் நின்னுக்கிட்டு இருந்தாங்க. நான்தான் பாத்தேனே.

— போதும் மாமா. நான் கல்லா? பொண்ணுக்கு அங்கதான் நல்ல பள்ளிக்கூடம். இங்க மேல்நிலைப் பள்ளியை மூடினது நானா? அவரு வேலையும் அங்க. நான் மட்டும் தினமும் ரெண்டு மலையைத் தாண்டி வந்துட்டுப் போறேன். வட்டத்துல வேலை பாக்குறவங்க வட்டத்துல குடியிருக்கணும்னு மேல இருந்து உத்தரவு. எங்க ஆபீஸ்ல பாதிப் பேரு இப்படித்தான். நான் ஒருத்தி பேரை எடுத்தா, எங்கம்மா இதுவரைக்கும் தனியா இருந்தாளா, நீ எங்க இருந்தேன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவேன்? பொய்யா எழுதினது நானே, சீல் குத்தினது நானே. வேலை போயிரும்.

— நெசத்தைச் சொல்லு.

— உங்களுக்கு என்ன, சுலபமாச் சொல்லிட்டீங்க. எழுதிக்கோடின்னு சொன்னதே அம்மாதான். நான் தயங்கிக்கிட்டுத்தான் கேட்டேன்.

— சொல்லுவாங்க. நீ கேட்டு அவங்க எதுக்கு மாட்டேன்னு சொல்லியிருக்காங்க? உன் பேரை எழுதினதும் என்ன பண்ணினாங்க தெரியுமா? என் கதவைத் தட்டி, தலைவரே, எம்மக வீட்டுக்கு வந்துட்டான்னாங்க. நான் வண்டி எங்கன்னு எட்டிப் பாத்தேன். காகிதத்துல வந்துட்டான்னு சொல்லிச் சிரிச்சாங்க. அன்னிக்கு ராத்திரி ரெண்டு தட்டு எடுத்து வச்சுச் சாப்பிட்டாங்களாம்.

— மாமா… எதுக்கு இதை இப்ப சொல்றீங்க?

— வண்டிச் சத்தம் கேக்குதா பாரு.

— இதோட ரெண்டாவது தடவையாக் கேக்குறீங்க! நில்லுங்க. யாரு வண்டி? அவங்க மத்தியானத்துக்கு முன்னாடியே வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களா மேல சொல்லி வச்சீங்களா? அதான் வந்ததுல இருந்து முகம் குடுத்துப் பேச மாட்டேங்குறீங்களா?

— மாகாணத்துக்காரனை நான் கண்டதுகூட இல்ல.

— அப்புறம் என்ன மறைக்கிறீங்க?

— ஒருத்தங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன் இன்சுக். வண்டி வந்து வாசல்ல நிக்கிற வரைக்கும் உன்கிட்ட வாயைத் திறக்கக் கூடாதுன்னு. ஆனா நீயா உன் வாயால, பேரை எடுத்துடறேன் மாமான்னு சொல்லிட்டா எனக்கு ஒரு நிம்மதி. அதுக்குத்தான் இவ்வளவு நேரமாத் தொண்டைத் தண்ணி வத்தப் பேசிக்கிட்டு இருக்கேன்.

— சரி, எடுத்துடறேன். வருஷக் கடைசி போகட்டும். புது வருஷத்துல ஆபீஸ் திறந்ததும் முத வேலையா என் பேரை எடுத்துடறேன். அம்மாவையும் போய்ப் பாக்குறேன், அரிசிக்கேக் சூப்பு வச்சு ஒண்ணாச் சாப்பிடுறோம். இன்னும் கொஞ்ச நாளு பொறுத்துக்கக் கூடாதா?

— நான் பொறுப்பேன். பொறுக்க வேண்டியது நான் இல்லையே.

— இப்ப கேக்குது! வண்டி! ஐயோ, வந்துட்டாங்க. மாமா, அந்த ஷூவை இப்படித் தள்ளுங்க. பிரஷ்ஷு… பிரஷ்ஷு எங்க? நீங்க எதுவும் பேசாதீங்க, நான் பாத்துக்கிறேன். என்ன இது… மாமா, மாகாணத்து வண்டிக்கு எதுக்குச் சிவப்பு விளக்கு?

— அது நான் கூப்பிட்ட வண்டி. காலையில கூப்பிட்டேன். இம்சான் வண்டி வேற எங்கயோ போயிருச்சாம், நாம்ஹோவுல இருந்து மலையைச் சுத்தி இப்பத்தான் வருது.

— ஆம்புலன்ஸா? உங்களுக்கு என்ன? நெஞ்சு வலியா? ஏன் வந்ததும் சொல்லல?

— எனக்கு ஒண்ணுமில்ல. சாக்கைக் கீழ போடு. முந்தாநாள் சாயங்காலம் அடுப்படியில விழுந்திருக்காங்க. இடுப்பு எலும்பு. எந்திரிக்க முடியாம அந்தக் குளிர்லயே கிடந்திருக்காங்க. ரெண்டு நாளாப் புகைபோக்கியில புகை வரலையேன்னு இன்னிக்குக் காலையில போய்ப் பாத்தேன். தள்ளுவண்டியில வச்சு இங்க கொண்டாந்துட்டேன், இங்கதான் தரை சூடா இருக்கு.

— யாரு… மாமா, அந்த ஒத்தைச் செருப்பு…

— வண்டியைக் கூப்பிடாதீங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்கம்மா. வர்றவங்க கூட யாரு இருக்காங்கன்னு கேப்பாங்களாம், உன் வேலைக்கு ஆபத்து வந்துருமாம். நான் கேக்காம கூப்பிட்டுட்டேன். அப்ப இன்சுக்கிட்ட மட்டும் சொல்லாதீங்க, இன்னிக்கு அவளுக்கு முக்கியமான நாளுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. அழுகாதே. அப்புறம் அழுகலாம். உள்ளறைக் கதவைத் திற, போ.

— அம்மா! அம்மா, நான்தாம்மா! என்னைப் பாரு!

— காது மிஷின் விழுந்ததுல உடைஞ்சு போச்சு. கண்ணும் சொருகிக்கிட்டு இருக்கு, ஆளு அடையாளம் தெரியல. உன் ஆபீஸ் கோட்டைக் கழட்டிட்டுக் கிட்டப் போம்மா.

— ஆபீஸ்காரம்மாவா? வாங்க. என்னால எந்திரிக்க முடியல, தப்பா நினைக்காதீங்க. எழுதிக்கோங்க, எங்க வீட்டுல ஏழு பேரு. எம்மக என்கூடத்தான் இருக்கா. இப்பத்தான் வெளிய போனா, வந்துருவா.